பழைய பிக்கப் வண்டியின் முன்கண்ணாடி ரப்பர்: அறிகுறியைப் பார்த்துப் பழுதைப் பிடிப்பது

புது ரப்பர் பீடிங் போட்ட பிறகும் முன்கண்ணாடி ஒழுகுகிறது என்பதுதான் பழைய பிக்கப் வண்டிகளில் திரும்பத் திரும்ப வரும் புகார். பெரும்பாலும் குற்றம் ரப்பரில் இருப்பதில்லை. அது உட்காரும் தகட்டு விளிம்பில் இருக்கும், கூரை மடிப்பில் இருக்கும், வைப்பர் தண்டின் அடியில் இருக்கும். பீடிங்குக்கு ஆர்டர் கொடுக்கும் முன் சோதனைகளை முடித்துவிடுங்கள்.

இங்கே சொல்வது ரப்பர் காடி வகை வண்டிகளுக்கு மட்டும்: ரப்பரின் ஒரு காடியில் கண்ணாடி உட்காரும், இன்னொரு காடி கேபின் தகட்டின் விளிம்பைக் கவ்வும். 1967 முதல் 1972 வரை வந்த செவ்ரோலெட் சி10, அதே காலத்து ஃபோர்டு எஃப்-100 ஆகியவை இந்த வகை. கண்ணாடி நேரடியாகத் தகட்டில் யூரித்தேன் பசையால் ஒட்டப்பட்ட வண்டி என்றால் இதைப் பின்பற்ற வேண்டாம். ஒட்டிய கண்ணாடி கேபினின் பலத்திலும் பங்கெடுக்கிறது. அது கண்ணாடி மாட்டுபவரின் வேலை.

## மழை பெய்தால் தரை நனைகிறது, வழி தெரியவில்லை

முதலில் ஈரத்தைத் தொட்டு முகர்ந்து பாருங்கள். பிசுபிசுப்பும் லேசான இனிப்பு வாடையும் இருந்தால் அது மழை நீர் அல்ல, ஹீட்டர் கோரிலிருந்து (கேபினைச் சூடாக்க எஞ்சினின் சுடுநீர் ஓடும் சிறு ரேடியேட்டர்) கசியும் கூலண்ட். கண்ணாடியின் உட்புறம் எண்ணெய்ப் படலம்போல் மங்குவதும் அதற்கு அடையாளம். ரப்பரை விட்டுவிட்டு ஹீட்டர் கோரைப் பாருங்கள்.

வெறும் தண்ணீர் என்றால் ஹோஸ் சோதனை. இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் வெளியே ஹோஸுடன், ஒருவர் உள்ளே டார்ச்சுடன். தரை விரிப்பை எடுத்துவிடுங்கள், டேஷ்போர்டின் அடியிலும் கால் வைக்கும் இடத்தின் பக்கத் தகட்டிலும் டால்கம் பவுடர் தூவுங்கள். தண்ணீர் வந்த தடம் பவுடரில் கோடாகத் தெரியும்.

ஹோஸில் முனை மாட்டாமல் தண்ணீரைச் சும்மா வழியவிடுங்கள். பிரஷர் வாஷர் கூடாது. அது நல்ல ரப்பரையும் தாண்டி உள்ளே போகும். கீழிருந்து மேலே போவதுதான் இந்தச் சோதனையின் உயிர். மேலே ஊற்றினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து, எது ஒழுகுகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிடம், இந்த வரிசையில்:

1. கண்ணாடிக்குக் கீழே, பானெட்டுக்குப் பின்னால் இருக்கும் காற்றுச் சல்லடை. இலைச் சருகு அடைத்து வடிகால் நின்றிருந்தால் தண்ணீர் தேங்கி, காற்றுக் குழாய் வழியாகக் கால் பக்கம் இறங்கும். சருகை அள்ளி, வடிகால் துளையைக் கம்பியால் குத்திவிடுங்கள். இவ்வளவோடு முடிந்துபோகும் புகார்கள் ஏராளம்.
2. வைப்பர் தண்டுகள். தண்டின் அடியில் இருக்கும் வாஷர் காய்ந்திருந்தால் டேஷ்போர்டுக்குப் பின்னால் சொட்டும்.
3. கண்ணாடியின் கீழ் விளிம்பு, பிறகு கீழ் மூலைகள், பிறகு பக்கங்கள்.
4. கண்ணாடியின் மேல் விளிம்பு.
5. கூரை ஓரத்து மழைக் காடி, கடைசியாகக் கதவு ரப்பர்.

முதல் இரண்டில் சிக்கினால் முன்கண்ணாடியைத் தொடவே வேண்டாம்.

## கண்ணாடியின் கீழ் மூலையில் சொட்டுகிறது

அதிகம் ஏமாற்றும் அறிகுறி இதுதான். கீழ் மூலையில் தெரியும் தண்ணீர் பல நேரம் கீழ் மூலையில் நுழைந்ததாக இருக்காது.

கூரை மடிப்பு. கூரைத் தகடும் பக்கத் தகடும் சேரும் மழைக் காடியில் போட்டிருந்த சீலர் பல ஆண்டுகளில் வெடித்திருக்கும். தண்ணீர் அதன் வழியே கண்ணாடியின் பக்கத்துத் தூணுக்குள் இறங்கி, கீழ் மூலையில் எட்டிப் பார்க்கும். கண்ணாடியின் மேல் நீர் படாமல் மழைக் காடியில் மட்டும் ஹோஸைப் பிடியுங்கள். மூலை நனைந்தால் பீடிங் நிரபராதி. பழைய சீலரைச் சுரண்டி எடுத்து, துருவைத் தேய்த்து, பிரைமர் அடித்து, பாலியூரித்தேன் சீம் சீலரைத் தூரிகையால் பூசுங்கள். வெடித்ததன் மேலேயே பூசினால் ஒரு வெயில் காலம்கூடத் தாங்காது.

கண்ணாடிக்கும் ரப்பருக்கும் இடையிலா, ரப்பருக்கும் தகட்டுக்கும் இடையிலா? இதைப் பிரித்தறியச் சோப்பு நுரைச் சோதனை போதும். கதவுகளையும் ஜன்னல்களையும் மூடுங்கள். கேபினில் காற்று வெளியேறும் துளைகள் இருந்தால் டேப் ஒட்டுங்கள். ஹீட்டர் விசிறியை வெளிக்காற்று நிலையில் வைத்து முழு வேகத்தில் ஓட்டுங்கள். வெளியே ரப்பரைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். குமிழி வரும் இடம்தான் ஓட்டை. கண்ணாடி ஓரத்தில் குமிழி வருகிறதா, பெயிண்ட் ஓரத்தில் வருகிறதா என்று பார்த்து, சுண்ணக்கட்டியால் குறியுங்கள்.

ரப்பர் இன்னும் மிருதுவாக இருந்து, ஓட்டை ஓரிரு இடத்தில் மட்டும் என்றால் கழற்ற வேண்டியதில்லை. காயாத வகை பெட்டிங் காம்பவுண்டு (இடைவெளியை அடைக்கும் மென்பசை) போதும். ரப்பரின் வெளி உதட்டை, அதாவது வெளிப்பக்கம் படியும் மெல்லிய ஓரத்தை, பிளாஸ்டிக் குச்சியால் தூக்கி, உள்ளே தூசியை ஊதி, முழுக்கக் காயவிடுங்கள். டியூபின் மூக்கை 3 மி.மீ. துளையாக வெட்டி, குறித்த இடத்துக்கு இருபுறமும் 15 செ.மீ. தாண்டி, 3 முதல் 4 மி.மீ. தடிமனுக்கு உதட்டின் அடியில் விடுங்கள். குச்சியை எடுத்து உதட்டை விரலால் அழுத்துங்கள். பிதுங்கி வருவதைப் பிளாஸ்டிக் பட்டையால் வழித்தெடுத்து, மிச்சத்தை வெள்ளை ஸ்பிரிட் தோய்த்த துணியால் ஒரு தடவை மட்டும் துடையுங்கள். ஊற ஊறத் துடைத்தால் ரப்பர் உப்பும்.

சிலிகான் சீலண்ட் வேண்டாம். புளிக்காடி வாடை அடிக்கும் வகை தகட்டை அரிக்கும்; எந்த வகையானாலும் அது ஒருமுறை பட்ட இடத்தில் பிறகு பெயிண்டும் பிடிக்காது, வேறு சீலரும் பிடிக்காது. அடுத்து வேலை செய்பவர் அதைச் சுரண்டியே சலித்துப்போவார்.

மூலையில் தகடு உள்வாங்கியிருக்கிறது. காம்பவுண்டு விட்டும் அதே இடம் ஒழுகினால் ரப்பரின் அடியில் விளிம்பு நெளிந்திருக்கும் அல்லது துரு தின்றிருக்கும். கண்ணாடியை எடுத்தே ஆக வேண்டும்.

நடுவில் தடுப்புள்ள இரட்டைக் கண்ணாடி. 1947 முதல் 1953 வரையிலான செவ்ரோலெட் பிக்கப்களில் முன்கண்ணாடி இரண்டு தட்டைத் துண்டுகள். நடுத்தண்டின் அடிமுனையில்தான் அவை ஒழுகும். நடுத்தண்டின் வெளிப்பட்டையைக் கழற்றி, ரப்பர் இணையும் முக்கோண இடைவெளியில் காம்பவுண்டு வைத்துவிட்டுப் பட்டையைத் திரும்ப முடுக்குங்கள். திருகை அளவாக முடுக்க வேண்டும்; கண்ணாடி அதன் பிடியில்தான் இருக்கிறது.

## ரப்பருக்கு அடியிலிருந்து பழுப்புக் கறை வழிகிறது

உள்ளே துரு ஓடுகிறது என்று பொருள். உதட்டைத் தூக்கிக் கூரான ஊசியால் தகட்டைக் குத்திப் பாருங்கள். ஊசி வழுக்கினால் மேல் துரு. பொறுக்காகப் பெயர்ந்தால் ஆழத் துரு. உள்ளே போய்விட்டால் தகடே இல்லை. கீழ் விளிம்பின் இரு மூலைகளையும் கட்டாயம் குத்திப் பாருங்கள். தண்ணீர் அங்கேதான் நிற்கும்.

மேல் துருவுக்குக் கண்ணாடியை எடுத்து, கம்பித் தூரிகையால் பளபளப்பான தகடு தெரியும்வரை தேய்க்க வேண்டும். அந்தக் காலப் பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும், அதனால் வாட்டர் பேப்பரை நனைத்தே தேயுங்கள். முகமூடி இல்லாமல் கிரைண்டர் பிடிக்காதீர்கள். குழிகளுக்குப் பாஸ்பாரிக் அமிலத் துரு மாற்றி, கழுவிக் காய்ந்ததும் எபாக்ஸி பிரைமர், மேலே மெல்லிய பெயிண்ட்.

விளிம்பில் பட்டி வைக்கக் கூடாது. பட்டி விளிம்பைத் தடிமனாக்கும், ரப்பர் ஏறாது. ஏறினாலும் கேபின் அசையும்போது பட்டி உதிரும், ஒழுகல் திரும்பும். ஓட்டை விழுந்த விளிம்புக்கு வெல்டிங் ஒன்றே வழி.

ஓட்டை ஒரு விரல் அகலத்துக்கு மேல் போனாலோ தூணின் அடி வரை துரு ஏறியிருந்தாலோ டிங்கர் வேலை தெரிந்தவரிடம் விடுங்கள். வெல்டிங் சூட்டில் விளிம்பு வளைந்துவிட்டால் எந்தக் கண்ணாடியும் அதில் பிழைக்காது.

## ரப்பர் விறைத்து வெடித்திருக்கிறது

நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழவில்லை, மடக்கினால் முறிகிறது என்றால் காம்பவுண்டால் பிழைக்க வைக்க முடியாது. மாற்ற வேண்டும்.

ஆர்டர் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை:

- பழைய ரப்பரில் குரோம் பட்டைக்கான காடி இருக்கிறதா? சி10 போன்ற வண்டிகளில் பட்டையுள்ள வகைக்கும் இல்லாத வகைக்கும் வெவ்வேறு ரப்பர். காடியுள்ள ரப்பரைப் பட்டை இல்லாமல் போட்டால் வாய் பிளந்தபடியே நிற்கும்.
- கண்ணாடியின் தடிமன். அந்தக் காலக் கண்ணாடி பெரும்பாலும் 6 மி.மீ. அளவில் இருக்கும்; பின்னால் மாற்றிய கண்ணாடி அதைவிட மெல்லியதாக இருக்கலாம். காலிப்பரால் அளந்து சொல்லுங்கள்.
- விளிம்பின் தடிமன், பெயிண்டையும் சேர்த்து.

கழற்றும்போது பழைய ரப்பரைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். கண்ணாடி உடைவதற்கு அதுதான் முதல் காரணம். கூரான கத்தியால் ரப்பரின் வெளி உதட்டைச் சுற்றிலும் அறுத்து எடுத்துவிட்டால் கண்ணாடியைத் தடுக்க எதுவும் இராது. கத்தி முனை கண்ணாடி ஓரத்தில் படாதபடி சாய்த்துப் பிடியுங்கள். உள்ளிருந்து ஒருவர் மேல் மூலைகளை உள்ளங்கையால் மெதுவாகத் தள்ள, வெளியே ஒருவர் தாங்க வேண்டும். கையுறையும் கண் கவசமும் கட்டாயம். எடுத்த கண்ணாடியைப் போர்வை விரித்த மேசையில் வைத்து, ஓரம் முழுக்க விரலால் தடவுங்கள். ஓரத்தில் சில்லு பெயர்ந்திருந்தால் அந்தக் கண்ணாடியைத் திரும்பப் போடுவது சூதாட்டம்.

## புது ரப்பர் விளிம்பில் ஏற மறுக்கிறது

பெரும்பாலும் குளிரோ வறட்சியோ. பெட்டியில் சுருண்டு கிடந்த ரப்பரை முதல் நாளே எடுத்துத் தரையில் விரித்து, மாட்டும் முன் வெயிலில் வைத்து மிருதுவாக்குங்கள். மசகாகச் சோப்புத் தண்ணீர் போதும். கிரீஸ், எஞ்சின் ஆயில் இரண்டும் ஈபிடிஎம் என்னும் செயற்கை ரப்பரை உப்ப வைக்கும். சிலிகான் ஸ்பிரே வழுக்கும், ஆனால் அதன் மேல் பெட்டிங் காம்பவுண்டு ஒட்டாது.

மாட்டும் முறை:

1. கேபினைச் சட்டத்தோடு பிணைக்கும் போல்ட்டுகளை முதலில் முறைப்படி முடுக்குங்கள். கண்ணாடி மாட்டிய பிறகு முடுக்கினால் கேபின் முறுகி, கண்ணாடி விரிசல் விடும்.
2. ரப்பரைக் கண்ணாடியில் சுற்றி மாட்டுங்கள். மூலைகள் வார்த்த ரப்பர் என்றால் மேல், கீழ் பார்த்துப் போடுங்கள். நீளமாக வந்து வெட்டிச் சேர்க்கும் வகை என்றால் 12 முதல் 20 மி.மீ. கூடுதலாக விட்டு வெட்டி, முனைகள் ஒன்றையொன்று நெருக்கும்படி ஒட்டுங்கள். இணைப்பு மேல் நடுவில் வரட்டும். தண்ணீர் தேங்குவது கீழே.
3. குரோம் பட்டை இருந்தால் பெரும்பாலும் இப்போதே, கண்ணாடி மேசையில் இருக்கும்போதே, காடியில் நுழைத்துவிடுவது எளிது. வண்டியில் ஏற்றிய பிறகு அந்தக் காடி இறுகிவிடும்.
4. நான்கைந்து இடத்தில் மாஸ்கிங் டேப்பால் ரப்பரைக் கண்ணாடியோடு பிடித்துவையுங்கள்.
5. விளிம்பைக் கவ்வும் காடிக்குள் 4 முதல் 5 மி.மீ. நைலான் கயிற்றைச் சுற்றிலும் அழுத்துங்கள். கீழ் நடுவில் தொடங்கி அங்கேயே முடித்து, 30 செ.மீ. ஒன்றின்மேல் ஒன்று தாண்டவிட்டு, இரு முனைகளையும் கேபினுக்குள் தொங்கவிடுங்கள். பின்னல் கயிறு நல்லது. முறுக்குக் கயிறு ரப்பரை அறுக்கும்.
6. விளிம்பிலும் காடியிலும் சோப்புத் தண்ணீரைத் தாராளமாகத் தெளித்து, கண்ணாடியை வெளியிலிருந்து கீழ் விளிம்பு முதலில் உட்காரும்படி வையுங்கள். இருபுறமும் இடைவெளி சமமா என்று பாருங்கள். இங்கே விடும் கோணல் மேலே போகப் போகப் பெரிதாகும்.
7. வெளியே இருப்பவர் உள்ளங்கையால் அழுத்த, உள்ளே இருப்பவர் கயிற்றைக் கண்ணாடியின் நடுவை நோக்கி இழுக்க வேண்டும்; கயிறு வெளிவர வெளிவர ரப்பரின் உள் உதடு விளிம்பின் மேல் ஏறும். ஒரு பக்கம் 30 செ.மீ., மறுபக்கம் 30 செ.மீ. என்று மாற்றி மாற்றி. கீழ் விளிம்பு, கீழ் மூலைகள், பக்கங்கள், கடைசியில் மேல் விளிம்பு. அழுத்தும் கை கயிறு வெளிவரும் இடத்துக்கு நேர் எதிரே இருக்கட்டும்.

கயிறு இறுகி நின்றால் பலம் போடாதீர்கள். அங்கே மேலும் நனைத்து, உதட்டைப் பிளாஸ்டிக் குச்சியால் எடுத்துவிட்டுத் தொடருங்கள். திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் நின்றால் கண்ணாடியைக் கீழே இறக்கி விளிம்பைப் பாருங்கள். பெயிண்ட் திரண்டிருக்கும், வெல்டிங் மொட்டு இருக்கும், அல்லது பழைய சீலர் கட்டி ஒட்டியிருக்கும்.

1955 முதல் 1959 வரையிலான செவ்ரோலெட் போல, பக்கவாட்டில் வளைந்து திரும்பும் கண்ணாடி என்றால் கயிறு இழுப்பதை அனுபவமுள்ளவரிடம் விடுவதே மேல். அந்த வளைவு மூலை கொஞ்சம் தவறினாலும் மன்னிக்காது.

## உள் உதடு மடிந்து மாட்டிக்கொண்டது

கயிறு போய்விட்டது, ஆனால் உட்புறத்தில் ஓரிடம் உதடு விளிம்பின் மேல் ஏறாமல் உள்ளே சுருண்டிருக்கிறது. திருப்புளி வேண்டாம். வட்ட முனை நைலான் குச்சியைச் சோப்பில் தோய்த்து, நன்றாக ஏறியிருக்கும் இடத்திலிருந்து தொடங்கி, விரல் விரலாக உதட்டை வெளியே இழுங்கள். மடிந்த நீளம் 20 செ.மீ.க்கு மேல் என்றால் கயிறு போட்டுத் திரும்பச் செய்வதே சீக்கிரம் முடியும்.

## மூலையில் ரப்பர் தூக்கிக்கொண்டு நிற்கிறது

ஒரே மூலை மட்டும் தூக்கினால் கண்ணாடி நடுவில் உட்காரவில்லை. எதிர் மூலையில் இடைவெளி குறைவாக இருக்கும். கண்ணாடியை உள்ளங்கைகளால் தட்டித் தட்டி நகர்த்துங்கள். வெயிலில் நின்ற வண்டியில் எளிதாக நகரும்.

நான்கு மூலையும் தூக்கினால் ரப்பரின் சுற்றளவு அதிகம், அல்லது வேறு மாடலுக்கான ரப்பர் வந்திருக்கிறது. வெட்டிச் சரிசெய்யப் பார்க்காமல் மாற்றி வாங்குங்கள்.

எதிரெதிர் மூலைகள் இரண்டு மட்டும் தூக்கினால் சந்தேகம் கேபின்மேல் போக வேண்டும். கண்ணாடியை எடுத்து, திறப்பின் இரு மூலைவிட்டங்களையும் அளவுநாடாவால் அளங்கள். 5 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் வண்டி எப்போதோ இடி வாங்கியிருக்கிறது, அல்லது கேபின் தாங்கு ரப்பர்கள் ஒருபக்கம் அமுங்கியிருக்கின்றன. தாங்கு ரப்பரை நீங்களே மாற்றலாம். சட்டத்தை இழுத்து நேராக்குவது பட்டறை வேலை.

## மாட்டும்போதோ சில நாளிலோ கண்ணாடி விரிசல் விட்டது

விரிசல் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். ஓரத்தில் தொடங்கி உள்ளே ஓடினால் அழுத்தம் காரணம். நடுவில் நட்சத்திரம்போல் இருந்தால் கல். ஓர விரிசல் தொடங்கிய இடத்துக்கு நேரே விளிம்பில் ஏதாவது புடைத்திருக்கும். அதைத் தேடிப்பிடித்துத் தேய்த்துவிடாமல் அடுத்த கண்ணாடியைப் போட்டால் அதுவும் அதே இடத்தில் போகும். மூலையை ரப்பர் சுத்தியால் அடித்து உட்கார வைப்பதும் இதே முடிவைத்தான் தரும்.

## ஓடும்போது விசில் சத்தம்

ரப்பரின் ஒவ்வொரு பக்கத்தையும் மாஸ்கிங் டேப்பால் மூடி ஓட்டிப் பாருங்கள். எந்தப் பக்கம் மூடினால் சத்தம் நிற்கிறதோ அங்கே உதடு படியவில்லை, காம்பவுண்டு விடுங்கள். முழுக்க மூடியும் சத்தம் நிற்கவில்லை என்றால் கதவு ரப்பரின் மேல் முன் மூலையையும் கண்ணாடித் தூணை ஒட்டிய சிறு ஜன்னலையும் பாருங்கள்.

## கண்ணாடி ஓரம் பால்போல் வெளுக்கிறது

லாமினேட்டட் கண்ணாடியின் (இரு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் ஏடு வைத்து ஒட்டியது) நடு ஏடு ஈரம் ஏறிப் பிரிகிறது. காடிக்குள் நீண்ட காலம் தண்ணீர் நின்றதன் விளைவு. திரும்பச் சேராது. பார்வையை மறைக்காத ஓரத்தில் இருக்கும்வரை ஓட்டலாம், ஆனால் ரப்பர் மாற்றும் வேலை எப்படியும் வரப்போகிறது என்றால் கண்ணாடியையும் சேர்த்தே மாற்றுங்கள்.

## பூட்டுப் பட்டையின் முனைகள் விலகி இடைவெளி தெரிகிறது

சில ரப்பர்களில் கடைசியாக ஒரு மெல்லிய பட்டையைக் காடியில் செருகி ரப்பரை இறுக்குவார்கள். அதை இழுத்து இழுத்துச் செருகினால் அப்போது சரியாக இருக்கும், சில நாளில் சுருங்கி முனைகள் விலகும். பட்டை குட்டையாகிவிட்டால் இடையில் துண்டு வைத்து ஒட்டாமல் புதிதாகவே போடுங்கள். வளைய முனைக் கருவியில் பட்டையைக் கோத்து, சோப்புத் தண்ணீரில் நனைத்து, கருவியை முன்னே தள்ளும்போதே பட்டையைக் கையால் பின்னிருந்து ஊட்டிக்கொண்டே வாருங்கள். கீழ் நடுவில் முடித்து, 10 முதல் 15 மி.மீ. கூடுதலாக வெட்டி, இரு முனைகளையும் எதிரெதிரே நெருக்கி உள்ளே அழுத்துங்கள். மறுநாள் ஹோஸ் சோதனையை முதல் இடத்திலிருந்து திரும்பச் செய்துவிட்டுத் தரை விரிப்பைப் போடலாம்.